நிறுவல் ஊடகங்களின் அளவும் இயைபும்: புத்தூரிலிருந்து ஒரு நோக்கு

கணினியொன்றில் பணிசெயல் முறைமையை முதன்முதலாக ஏற்றுவதற்குப் பயன்படும் நெகிழ்வட்டு, இறுவட்டு, பென்ட்ரைவ் முதலானவற்றை நிறுவல் ஊடகங்கள் என்கிறோம். திருத்துநரின் மேசை இலாச்சியிற் கிடக்கும் சில்லறைப் பொருள்களாகவே இவை பொதுவாக எண்ணப்படுகின்றன. ஆராய்ச்சிக்குரிய பொருளாக இவற்றை எடுத்துக்கொள்வோர் மிகச் சிலர். ஆயினும் கணினித் திரையில் எம்மொழி தோன்றும், எம்மொழி தோன்றாது என்பதையும், எந்தப் பொறி மேலும் சில ஆண்டுகள் உழைக்கும், எது மூலைக்குப் போகும் என்பதையும் இவ்வூடகங்களின் கொள்ளளவும் இயைபுமே பல சந்தர்ப்பங்களில் தீர்மானித்து வந்துள்ளன. தமிழ்மொழியின் கணினி வாழ்வு பற்றிப் பேசுவோர் எழுத்துருவையும் குறிமுறையையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அவை எதன் வழியாக மக்களிடம் வந்து சேர்ந்தன என்ற வினா அவ்வளவு கவனம் பெறவில்லை. அக்குறையை ஓரளவு நிரப்ப முயல்வதே இக்கட்டுரை.

இவ்விடயத்தில் நாம் ஈடுபடக் காரணமாயிருந்தது புத்தூரிலுள்ள ஒரு சனசமூக நிலையமாகும். வெளிநாடுகளில் வாழும் ஊரவர்கள் வெவ்வேறு காலங்களில் அனுப்பிய மூன்று கணினிகள் அங்கிருந்தன. ஒன்று பென்ரியம் 4 செயலியுடைய மேசைக்கணினி. ஒரு கிகாபைற்று நினைவகமும் இறுவட்டை மட்டும் வாசிக்கும் இயக்கியும் கொண்டது. இரண்டாவது இன்ரெல் அற்றம் செயலியுடைய சிறு மடிக்கணினி. மூன்றாவது 2012ஆம் ஆண்டளவிலான ஐ3 மேசைக்கணினி. விண்டோஸ் 10 இற்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆந் திகதியுடன் முடிவடைந்ததை அடுத்து, இவற்றைப் புதுப்பிக்க வேண்டுமென நிலையத்து இளைஞர் விரும்பினர். 16 கிகாபைற்றுப் பென்ட்ரைவ் ஒன்றுடன் மூன்று பின்னேரங்கள் முயன்றும் ஒரு பொறியிலேனும் நிறுவல் தொடங்கவில்லை. அவர்களிடம் திறமைக் குறைவு இருந்ததாக நாம் கருதவில்லை. ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக இடப்பட்ட எல்லைகள் பலவற்றை அவர்கள் ஒரே வாரத்தில் எதிர்கொண்டனர் என்பதே உண்மை.

முதல்நாள் அவர்கள் இணையத்திலிருந்து இறக்கிய படிமக் கோப்பை அப்படியே பென்ட்ரைவிற் பிரதிசெய்தனர். கணினி அதனைக் காணவேயில்லை. மின்னை இட்ட கணத்திற் கணினிக்குக் கோப்பு என்பதோ உறை என்பதோ தெரியாது. அவை பணிசெயல் முறைமை கற்பிக்கும் பாடங்கள். பழைய முறையில், பயோஸ் எனப்படும் நிலைப்பொருள் தட்டின் முதலாவது பிரிவிலுள்ள 512 பைற்றுக்களை மட்டுமே வாசித்து நினைவகத்தில் இட்டு, கட்டுப்பாட்டை அதனிடம் கையளித்துவிடும். அந்த 512 இலும் கட்டளைக்கென உள்ளவை 446 பைற்றுக்களே. 64 பைற்றுக்கள் தட்டின் பாகப்பிரிப்பு அட்டவணைக்கும், 2 பைற்றுக்கள் அடையாளக் குறிக்கும் உரியன. இந்தச் சிறு வாசலில் நுழையும் நிரல் தன்னிலும் பெரியதொன்றை அழைக்க, அது மற்றொன்றை அழைக்க, இவ்வாறே முறைமை எழுந்து நிற்கிறது. படிமக் கோப்பை ஒரு கோப்பாகவே பிரதிசெய்வது, விதை வெங்காயத்தைச் சாக்கோடு தோட்டத்தில் வைத்துவிட்டு முளைக்கவில்லையே எனக் காத்திருப்பதை ஒத்தது. அதனைப் பிரித்து, பைற்றுக்குப் பைற்று தட்டின் முதற்பிரிவிலிருந்து எழுத வேண்டும்.

அவ்வாறு எழுதினாலும் எல்லாப் படிமங்களும் தொடங்கமாட்டா. இறுவட்டுக்கான ஐ.எஸ்.ஓ. 9660 என்னும் ஒழுங்குமுறை தனது முதல் 32 கிலோபைற்று இடத்தைப் பயன்படுத்தாமல் வெறுமையாக விட்டிருந்தது. அந்த வெற்றிடத்தில் வன்தட்டுக்குரிய 512 பைற்றுத் தலைப்பை வைத்துவிட்டால் ஒரே படிமம் இறுவட்டாகவும் பென்ட்ரைவாகவும் நடிக்கும் என்பதை லினக்ஸ் உலகினர் கண்டுகொண்டனர். இன்றைய உபுண்டு, டெபியன் முதலியவற்றின் படிமங்கள் இத்தகைய கலப்புப் படிமங்களே. விண்டோஸ் படிமங்கள் அவ்வாறு அமைந்தவையல்ல. அவற்றுக்குத் தனிக் கருவி வேண்டும். இவ்வேறுபாட்டை இளைஞர்களுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருக்கக்கூடிய நூலொன்று தமிழில் அவர்களது கைக்கெட்டிய தூரத்தில் இருக்கவுமில்லை.

இரண்டாம்நாள் நேர்ந்தது இதைவிடச் சுவாரசியமானது. விண்டோஸ் படிமத்தைத் திறந்து அதிலுள்ள கோப்புக்கள் யாவற்றையும் பென்ட்ரைவுக்கு மாற்ற முயன்றபோது, ஒரு கோப்பு மட்டும் அளவிற் பெரியது என மறுக்கப்பட்டது. பதினாறு கிகாபைற்று இடத்தில் ஐந்து கிகாபைற்றுக் கோப்பு அடங்காதாம்! பென்ட்ரைவ் எவ்.ஏ.ரி.32 என்னும் கோப்பு ஒழுங்குமுறையில் அமைக்கப்பட்டிருந்தமையே காரணம். 1996இல் விண்டோஸ் 95இன் திருத்திய பதிப்புடன் வந்த அம்முறை, ஒவ்வொரு கோப்பின் நீளத்தையும் 32 இருமக் குறிகளால் எழுதி வைக்கிறது. ஆகவே எந்தவொரு கோப்பும் 4,294,967,295 பைற்றுக்களை விஞ்ச முடியாது. மொத்த இடம் எவ்வளவு என்பது வேறு, ஒரு கோப்புக்கு அனுமதிக்கப்படும் இடம் எவ்வளவு என்பது வேறு. நிலாவரைக் கிணற்றை அறிந்த புத்தூரவருக்கு இதனை விளக்குவது கடினமன்று: நீருக்கு அங்கே குறைவில்லை, நன்னீரோ மேற்படையில் உள்ளது மட்டுமே.

அப்படியாயின் வேறு ஒழுங்குமுறையைப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். மூன்றாம்நாள் இளைஞர் அதையே செய்தனர். பென்ட்ரைவை என்.ரி.எவ்.எஸ். முறைக்கு மாற்றினர், எல்லாக் கோப்புக்களும் ஏறின, ஆனால் கணினி அதனை ஏற்கவில்லை. பயோஸுக்குப் பதிலாக வந்த யூ.ஈ.எவ்.ஐ. நிலைப்பொருள், முதற்பிரிவை மட்டும் வாசிக்கும் பழக்கத்தைக் கைவிட்டு, கோப்பின் பெயரைச் சொல்லி அழைக்கும் ஆற்றல் பெற்றது. அதன் விதிமுறை கட்டாயமாக்கியது எவ்.ஏ.ரி. குடும்பத்தை மட்டுமே, என்.ரி.எவ்.எஸ். முறையைப் படிக்கும் கடமை அதற்கில்லை. ஆக, 1970களின் பிற்பகுதியில் நெகிழ்வட்டுக்கென வகுக்கப்பட்ட ஒரு முறையின் வழித்தோன்றலே இன்றைய புதிய கணினிகளின் வாசற்காவலாகவும் இருக்கிறது. வாசல் எவ்.ஏ.ரி.32ஐக் கேட்கிறது, உள்ளே செல்ல வேண்டிய பொருளோ அதில் அடங்காது. பெரிய கோப்பைத் துண்டாக்கி இடுதல், இறுக்கமாகச் சுருக்கி நான்கு கிகாபைற்றுக்குட் கொண்டுவருதல், பென்ட்ரைவை இரு பாகமாக்கிச் சிறு பாகத்தில் என்.ரி.எவ்.எஸ். படிக்கத்தக்க ஒரு நிரலை வைத்தல் எனத் தீர்வுகள் உள. மைக்ரோசொப்டின் சொந்த ஊடகத் தயாரிப்புக் கருவி பின்பற்றுவது சுருக்கும் வழியையே. அக்கருவியைப் பயன்படுத்த, ஏற்கெனவே விண்டோஸ் இயங்கும் ஒரு கணினி வேண்டும் என்பதை மட்டும் இங்கு குறித்துவைப்போம்.

இவ்வெல்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த காலத்திற் புத்தூர் எவ்விடத்தில் நின்றது என்பதை நோக்குதல் அவசியம். 1993இல் வெளியான சிலாக்வெயர் லினக்ஸ் 24 நெகிழ்வட்டுக்களில் அடங்கியது. 1995 ஓகஸ்ற் 24இல் வெளியான விண்டோஸ் 95, ஒரு வட்டில் 1.44 மெகாபைற்றுக்குப் பதிலாக 1.68 மெகாபைற்று அடங்கும்படி நெருக்கி எழுதப்பட்டும் 13 வட்டுக்களுக்குக் குறையவில்லை. உலகின் பிற பகுதிகளில் வட்டுக்களை மாற்றி மாற்றிச் செருகிய அக்காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமே இல்லை. 1990இல் அற்றுப்போன மின்வழங்கல் ஆண்டுக்கணக்கில் மீளவில்லை. மின்கலமும் எரிபொருளும் தடைப்பட்டியலில் இருந்தன. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். விண்டோஸ் 95 வெளியாகி இரண்டு மாதங்களின் பின், அவ்வாண்டு ஒக்ரோபர் இறுதியில், வலிகாமத்து மக்கள் புத்தூரவர் உட்பட ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தனர். நெகிழ்வட்டின் காலம் எம்மைத் தொடாமலே கடந்தது என்று கூறினால் அது மிகையன்று.

இறுவட்டிலிருந்து கணினியைத் தொடக்கும் முறையும் அதே 1995ஆம் ஆண்டு சனவரியில் வகுக்கப்பட்டதேயாகும். பீனிக்ஸ், ஐ.பி.எம். ஆகிய நிறுவனங்களின் பொறியியலாளர் இருவர் எழுதிய அவ்விதிமுறைக்கு எல் ரொரிற்றோ என்று பெயர். கலிபோர்னியாவில் அவர்கள் உணவருந்திய உணவகத்தின் பெயர் அது என்பர். அம்முறை செய்த தந்திரம் எளியது: இறுவட்டுக்குள் ஒரு நெகிழ்வட்டின் படிமத்தை ஒளித்துவைத்து, பயோஸை அதனை நெகிழ்வட்டென்றே நம்பச் செய்தது. இதனால் 1.44 மெகாபைற்றிலிருந்து ஏறத்தாழ 700 மெகாபைற்றுக்கு ஒரே தாவலாக ஊடகத்தின் எல்லை விரிந்தது. எண்பது நிமிட இறுவட்டில் 3,60,000 பிரிவுகள், பிரிவொன்றுக்கு 2,048 பைற்றுக்கள்; பெருக்கினால் 73,72,80,000 பைற்றுக்கள். அடுத்த பல ஆண்டுகளுக்கு மென்பொருள் உலகம் தனது ஆடையை இவ்வளவுக்கு ஏற்பவே வெட்டியது.

2002இல் ஏ9 வீதி திறக்கப்பட்டபின் கணினிகளும் இறுவட்டுக்களும் குடாநாட்டுக்குப் பெருமளவில் வரத்தொடங்கியபோது முதன்மை பெற்றிருந்தது 2001இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி. தமிழைப் பொறுத்தமட்டில் இவ்விடமே கட்டுரையின் மையம் எனலாம். எக்ஸ்பி ஒருங்குறித் தமிழை அறிந்திருந்தது. லதா என்னும் எழுத்துரு அதனுடன் வந்தது. ஆனால் வழமையான நிறுவலில் இவ்வசதி வன்தட்டில் ஏறுவதில்லை. கட்டுப்பாட்டகத்திற்குச் சென்று, கூட்டெழுத்து மொழிகளுக்கான கோப்புக்களை நிறுவுக என்ற பெட்டியிற் சரியடையாளம் இட வேண்டும். இட்டதும் கணினி கேட்பது ஒன்றே: நிறுவல் இறுவட்டை உட்செலுத்துக. அவ்வட்டில் மொழிகளுக்கென ஓர் உறை தனியாக இருந்தது. தமிழ் கிடந்தது அவ்வுறையில். கணினியை ஏற்கெனவே நிறுவப்பட்ட நிலையில் வாங்கியவரிடமோ, வட்டைத் தொலைத்தவரிடமோ தமிழ் இல்லை. இடத்தை மிச்சம்பிடிக்க அவ்வுறையை நீக்கிச் சுருக்கிய பிரதியைப் பயன்படுத்தியவருக்கு அதனைப் பெற வழியே இல்லை. அத்தகைய கணினியில் ஒருங்குறித் தமிழ் கொம்பும் காலும் இடம்மாறியோ, வெறும் பெட்டிகளாகவோ தோன்றியது.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் எம்மவரிடையே இவ்வளவு காலம் நிலைத்தமைக்குப் பழக்கம், அச்சகத் தேவை எனக் காரணங்கள் கூறப்படுவதுண்டு. அவை பொருந்துவனவே. அவற்றுடன் இதனையும் சேர்க்க வேண்டுமென்பது எமது கருத்து: ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினிக்குப் பணிசெயல் முறைமையின் தயவு தேவைப்படவில்லை. ஒரு நெகிழ்வட்டிற் கொண்டுசென்று எக்கணினியிலும் இட்டுவிடலாம். நிறுவல் இறுவட்டு கைவசம் இல்லாத ஒரு சமுதாயம் நிறுவல் இறுவட்டைக் கேட்காத எழுத்துருவைப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. விண்டோஸ் விஸ்ராவிலிருந்து இவ்வசதி இயல்பாகவே நிறுவப்பட்டது. அளவுப் பிரச்சினை அத்துடன் ஒழிந்ததென எண்ணிவிடக்கூடாது. விண்டோஸ் 10 இல் லதாவும் விஜயாவும் மீண்டும் மேலதிக எழுத்துருக்கள் என்ற பகுதிக்குத் தள்ளப்பட்டன. தேவைப்படுவோர் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். நிர்மலா என்னும் பொது எழுத்துரு எஞ்சியிருப்பதால் தமிழ் முற்றாக மறையவில்லை. எனினும் ஊடகத்தை இலேசாக்க வேண்டியபோது முதலில் இறக்கப்பட்டவற்றுள் எமது எழுத்துக்களும் இருந்தன என்பது மனங்கொளத்தக்கது.

கட்டற்ற மென்பொருள் உலகமும் இதற்கு விலக்கன்று. உபுண்டு நிறுவனத்தார் 2004 தொடக்கம் 2011 வரை தமது இறுவட்டை உலகின் எப்பகுதியில் வாழ்வோருக்கும் கட்டணமின்றி அஞ்சலில் அனுப்பினர். இணைய வேகம் குறைந்த நாடுகளுக்கு இது பேருதவி. பல்கலைக்கழக மாணவரும் ஆர்வலரும் இவ்வட்டுக்களைக் கைமாற்றிக்கொண்டனர். எழுநூறு மெகாபைற்று என்ற எல்லை இங்கு நன்மையே செய்தது. ஒரு மெல்லிய வட்டில், ஒரு கடித உறையில், முழுமையான முறைமை அடங்கியது. ஆயினும் மொழிப்பொதிகள் யாவும் அதில் அடங்கவில்லை. இடமிருந்த அளவுக்குச் சில மொழிகளே முழுமையாகச் சேர்க்கப்பட்டன. ஏனைய மொழியினர் மிகுதியை இணையத்திலிருந்து பெறவேண்டியிருந்தது. இணையம் இல்லாதவருக்கென அனுப்பப்பட்ட வட்டு, தன் மொழியில் வேண்டுமாயின் இணையத்தை நாடு என்று சொன்ன முரண்பாடு இது. எவரும் தீய எண்ணத்துடன் செய்ததன்று. ஆனால் இடம் குறையும்போது யார் வெளியே நிற்பது என்பதை எண்ணிக்கையும் சந்தையும் தீர்மானிக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

டெபியனின் கதை சற்று வேறு. அதன் நிறுவல் நிரல் நெடுங்காலம் எழுத்துத் திரையிலேயே இயங்கியது. அத்திரையில் 256 அல்லது மிஞ்சினால் 512 வடிவங்களே இடம்பெறும். ஒவ்வொன்றும் ஒரே அகலமுள்ள கட்டத்துக்குள் அடங்கவேண்டும். கொகரத்தில் ஒற்றைக்கொம்பு முன்னும் அரவு பின்னுமாக வரும் தமிழ் எழுத்துமுறைக்கு அக்கட்டம் பொருந்துவதில்லை. மொழிபெயர்ப்பு இருந்தும் காட்ட இயலாத நிலை. 2007 ஏப்பிரலில் வெளியான நான்காம் பதிப்பில் வரைகலை நிறுவல் நிரல் சேர்க்கப்பட்ட பின்னரே இந்தி, வங்காளம், தாய் முதலியவற்றுடன் தமிழும் நிறுவலின் முதற்பக்கத்திலிருந்தே தோன்றலாயிற்று. அவ்வரைகலை நிரல் நெகிழ்வட்டில் அடங்கத்தக்கதன்று. ஆகவே தமிழ் உட்புகுவதற்கு ஊடகம் பெருக்கவேண்டியிருந்தது. அளவு பெருகுவதைத் தீமையென்றே பழிப்போர் இதனையும் கணக்கிலெடுக்க வேண்டும்.

ஆனால் பெருக்கம் அத்துடன் நிற்கவில்லை. உபுண்டு 2012 ஒக்ரோபரில் இறுவட்டின் எல்லையைக் கைவிட்டு 800 மெகாபைற்றுக்குச் சென்றது. 2024 ஏப்பிரலில் வெளியான அதன் மேசைப் பதிப்பு ஆறு கிகாபைற்றை அண்மித்தது, 4.7 கிகாபைற்றுக் கொள்ளும் ஒற்றைப்படை டிவிடியில் அது எழுதப்பட முடியாதது. விண்டோஸ் 11 இற்கு எட்டு கிகாபைற்றுப் பென்ட்ரைவ் வேண்டும். பெருநகரத்தில் இழையிணைப்பு உள்ளவருக்கு இது சில நிமிட வேலை. கைத்தொலைபேசித் தரவுப் பொதியை எண்ணி எண்ணிச் செலவிடும் ஒரு சனசமூக நிலையத்துக்கு அது மாதக்கணக்கு.

அளவைவிட இயைபின் கதவே விரைவாகச் சாத்தப்படுகிறது. 32 இருமக்குறிச் செயலிகளுக்கான மேசைப் படிமத்தை உபுண்டு 2017இல் நிறுத்தியது. 2025 ஓகஸ்ற்றில் வெளியான டெபியன் 13 இற்கும் அத்தகைய நிறுவல் ஊடகம் இல்லை. 12ஆம் பதிப்பே இறுதி. விண்டோஸ் 11 ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. இன்ரெல் செயலியாயின் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தியதை ஏற்பதில்லை. அதாவது, நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் 2012ஆம் ஆண்டுக் கணினி பழுதினாலன்றி விதியினாற் கழிக்கப்படுகிறது. பாதுகாப்புத் தொடக்கம் என்னும் ஏற்பாட்டில் நிறுவல் ஊடகத்தின் கையொப்பத்தைக் கணினி சோதிக்கிறது. பெரும்பாலான கணினிகளில் உற்பத்தியாளர் பதித்து விற்பது மைக்ரோசொப்டின் சாவியை. லினக்ஸ் ஊடகங்களும் அந்நிறுவனத்தின் கையொப்பம் பெற்ற ஒரு சிறு நிரலை முன்னிறுத்தியே நுழைகின்றன. தீய நிரல்களைத் தடுப்பதில் இதற்குப் பயனுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஒருவர் விலைகொடுத்து வாங்கிய பொறியின் வாசற்சாவி வேறொருவரிடம் இருப்பது குறித்த வினா அதனால் நீங்கிவிடவுமில்லை.

புத்தூரின் மூன்று கணினிகளுக்கு மீள்வோம். ஐ3 மேசைக்கணினி 64 இருமக்குறிச் செயலியுடையதாகையால் இன்றைய லினக்ஸ் படிமத்தைப் பென்ட்ரைவில் முறையாக எழுதியதும் தொடங்கியது. மடிக்கணினி நீண்டநேரம் எம்மைத் திகைக்க வைத்தது. அதன் அற்றம் செயலி 64 இருமக்குறி வகையினது, அதன் யூ.ஈ.எவ்.ஐ. நிலைப்பொருளோ 32 இருமக்குறி வகையினது. மலிவு விலைக்கென 2014ஆம் ஆண்டளவில் விற்கப்பட்ட சிறு மடிக்கணினிகள் பலவற்றில் இம்முரண் உண்டு. 64 வகைத் தொடக்கக் கோப்பை மட்டும் தாங்கிய ஊடகத்தை அது வெற்றுத் தட்டாகவே காணும். 2015இல் வெளியான எட்டாம் பதிப்பிலிருந்து இத்தகைய கலப்புப் பொறிகளுக்கு டெபியன் ஏற்பாடு செய்துள்ளது. அவ்வழியே அதுவும் எழுந்தது.

எஞ்சியது பென்ரியம். அதன் பயோஸுக்குப் பென்ட்ரைவிலிருந்து தொடங்கத் தெரியாது. இறுவட்டு இயக்கி டிவிடியைப் படிக்காது. நெகிழ்வட்டிலும் அடங்கத்தக்க பிளொப் என்னும் சிறு நிரல் ஒன்றுண்டு. அதனை ஓர் இறுவட்டில் எழுதி அதிலிருந்து கணினியைத் தொடக்கினால், பயோஸ் அறியாத பென்ட்ரைவை அந்நிரல் தானே அறிந்து எழுப்பும். வெற்று இறுவட்டு ஒன்றைத் தேடிப் பெறுவதற்கே இரண்டு நாள் சென்றது. இப்போது அவற்றை விற்கும் கடைகள் குறைவு. டெபியன் 12இன் 32 இருமக்குறிப் படிமத்தைப் பென்ட்ரைவில் இட்டுத் தொடக்கினோம். இளைஞரொருவர் பழக்கத்தினால் எழுத்துத்திரை நிறுவலைத் தெரிந்தார். மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கவில்லை. மீண்டும் தொடக்கி வரைகலை நிறுவலைத் தெரிந்தபோது பட்டியலில் தமிழ் இருந்தது. அதனைத் தெரிவுசெய்ததும் அடுத்த பக்கம் நாட்டின் பெயரைத் தமிழிற் கேட்டது. மிகுதிப் பொதிகளை இறக்குவதற்கு ஒருவரது கைத்தொலைபேசியை இணைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குத் தேநீர் குடிக்கச் சென்றோம்.